உள்ள மருமக பேசிக்கிட்டிருக்கா

இல்லம்மா, நான் தெரியாமதான் கேக்கறேன்... என் வீட்டுல என்னையே வெளியில உக்கார வெச்சுட்டு கதவ சாத்திக்கிட்டா அதுக்கு என்ன அர்த்தம்? உன்கூட வந்த அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு, என் பையன விடச் சின்னதா இருக்கும், "ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் ஹால்லயே இருங்க"ங்குது! என் மருமகள உள்ள கூட்டிக்கிட்டுப் போவுது! கதவ சாத்துது! டொக்குனு ஒரு சத்தம் வந்துச்சே, தாழ்ப்பாளா அது? தாழ்ப்பாள் வேற போட்டாங்களா? ... இல்லையா. சரி, நீ சொன்னா நம்பறேன்.

உக்காரு, உக்காரு. அந்தப் பேன்ட்ட நகத்திட்டு உக்காரு. பாத்து, குண்டூசி இருக்கும். போன வாரம் எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் உக்காந்துட்டு, ரெண்டு நாள் கடையில நின்னுக்கிட்டே வியாபாரம் பாத்தாரு. எல்லாம் திருத்த வந்த துணிங்க. கால் நீளம்னா குறைப்பேன், இடுப்பு இறுக்கம்னா பிரிச்சு விடுவேன், ஜிப்பு போயிடுச்சுன்னா மாத்துவேன். நீ பேசு, நான் தைச்சுக்கிட்டே கேக்கறேன். வாய் வேற கை வேறன்னுதான் என்னைப் படைச்சிருக்கான்.

அது சரி, கணக்கெடுக்க வந்தா வீட்டுக்கு ஒரு ஆளத்தான் கேப்பீங்களாமே. யாருன்னு பாத்தா, அடுத்தாப்புல யாருக்குப் பிறந்தநாள் வருதோ அவங்களையாம்! இது என்னம்மா கணக்கு? கேக் வெட்டவா வந்திருக்கீங்க? வயசுக்கு மரியாதை குடுத்து என்னைக் கேட்டிருந்தா மூட்டை மூட்டையா அவுத்து விட்டிருப்பேன். என் பிறந்தநாள் எப்பன்னு எனக்கே சரியாத் தெரியாது. பள்ளிக்கூடத்துல கேட்டப்ப எங்கப்பா வாய்க்கு வந்த தேதிய சொல்லிட்டு வந்துட்டாரு. வேணும்னா நாளைக்குன்னு வெச்சுக்கயேன், நான் ஒண்ணும் சண்டைக்கு வர மாட்டேன்.

மருமகளுக்கு வர்ற வெள்ளிக்கிழமையாமே! உங்ககிட்ட சொன்னப்பதான் எனக்கே தெரியும். கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு, ஒரு வார்த்த சொன்னாளா பாரு. போன வருஷமும் வந்திருக்கும்ல? வராம எங்க போயிருக்கும்... அன்னைக்கு ஒரு நாள் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தா. புதுத் துணி போட்டிருந்தா. என்ன விசேஷம்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்லன்னா. ஓ... அதுவா அது.

சரி, அத விடு. நீங்க என்ன கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு கையில வெச்சிருந்த தாள எட்டிப் பாத்துட்டேன். பிறப்பு, மதம், நிறம், பேச்சு... இதுக்காக யாராவது உங்கள ஒதுக்கி வெச்சாங்களா, கேவலமா நடத்தினாங்களா. ஒருபோதும் இல்ல, எப்பவாவது, அடிக்கடி, எப்பவும். நாலு கட்டம்! அப்புறம் லேசா, கடுமையான்னு வேற. ஓட்டல்ல காரம் கேக்கற மாதிரி இருக்கு. அவமானத்த எப்படிம்மா அளப்பீங்க? முழத்துலயா, படியிலயா? ஒருத்திக்கு முழம் நீளம் இருக்கறது இன்னொருத்திக்கு விரக்கடை இருக்குமே. ... ம்... ம்... எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டு, மொத்தமாக் கூட்டிப் பாத்தா ஊர் எப்படி இருக்குன்னு தெரியுமா? தெரிஞ்சு? சரி சரி, உன் பொழப்பு, நான் எதுக்குக் குறை சொல்லணும்.

எங்க வீட்டுக்கு உங்களுக்கு வேலையே இல்ல. ஒருபோதும் இல்ல, ஒருபோதும் இல்ல, ஒருபோதும் இல்ல. நானே போட்டுக் குடுத்திடறேன், நீங்க அடுத்த வீட்டப் பாத்துக்கிட்டுப் போகலாம். இந்த வீட்டுல யாரு யாரப் போட்டு அடிச்சா? யாரு யாருக்குச் சோறு போடல? கடுமைன்னா அதெல்லாம்தானே? ... அது மட்டும் இல்லையா? பின்ன? ... தான் யாருன்னு மறைச்சு வாழ வேண்டி வந்தா அதுவும் கடுமையா?

ஓ.

இரு, இஸ்திரிப் பெட்டி உள்ள இருக்கு, எடுத்துக்கிட்டு வந்திடறேன். ஒரு நிமிஷம், கதவத் திறந்து கைய மட்டும் விட்டு... என்ன? இந்தத் தையல் மிஷினா? என் மாமனார் வாங்கிக் குடுத்ததும்மா. காலால மிதிக்கறதுதான், மோட்டார் போட்டா எனக்கு வேகம் பிடிபடல. ஊசி தன்பாட்டுக்கு ஓடுது, நான் பின்னாலயே ஓட வேண்டியிருக்கு. ஒரு தடவ என் விரல்லயே ரெண்டு தையல் போட்டேன், இங்க பாரு, இந்த வடு... எதுக்கு எழுந்தேன் நான்?

ஆங், மருமக. நல்ல பொண்ணும்மா, அதச் சொல்லியே ஆகணும். பையன் விரும்பிக் கட்டிக்கிட்டான். அவங்க ஆளுங்க வேற, நாங்க வேற. யாரு உசத்தி யாரு தாழ்த்தின்னு நான் ஒரு நாளும் பேசினதில்ல. பேசாட்டியும் எல்லாருக்கும் தெரியும்ல, எதுக்குப் பேசணும்? ஆனா நான் என்னைக்காவது முகத்தத் தூக்கி வெச்சிருக்கனா? வந்த அன்னைக்கே "பாப்பா"ன்னு செல்லப் பேரு வெச்சுட்டேன். அவ சொந்தப் பேரச் சொன்னா யாரு என்னன்னு கேக்கறவங்களுக்கு டக்குனு தெரிஞ்சிடும். பாப்பான்னா யாருக்கும் தெரியாது. இருபத்தெட்டு வயசுப் பாப்பா! இவரு கூட, "ஏன்டி, உன் மருமக அலுவலகத்துல பத்துப் பேர வேலை வாங்கறவ, அவளப் போயி பாப்பாங்கற"ன்னு கிண்டல் பண்ணுவாரு. அவ திரும்பிப் பாக்கறாளா? பாக்கறா. மொதல்ல ஒரு மாசம் பாக்கல. அப்புறம் பழகிடுச்சு.

அந்தக் கப்பு விஷயம் சொல்லுவா, எனக்குத் தெரியும். இப்ப அதத்தான் சொல்லிட்டிருப்பா. சொல்லட்டும்! பச்சைக் கப்பு. அவளுக்குன்னே நான் தேடிப் புடிச்சு வாங்கினது, எங்க கப்ப விடப் பெருசு! எங்க கப்புங்களோட சேத்து வைக்கறதில்ல, தனியா ஜன்னல் கிட்ட இருக்கும்... அது ஒரு பழக்கம்மா. நான் வேணும்னு செய்யல. கை தானா அங்க கொண்டு போயி வைக்குது. கை செய்யறதுக்கெல்லாம் உங்ககிட்ட கட்டம் இருக்கா?

அந்தப் போட்டோ பாரு, செவுத்துல. எவ்வளவு அழகா இருக்கா பாரு, என் பையன் பக்கத்துல. சட்டம் சின்னதாப் போயிடுச்சும்மா, அதனால அவங்க அம்மா அப்பா நின்ன பக்கத்தக் கொஞ்சம் வெட்ட வேண்டியதாப் போச்சு. அவ தோள்ல ஒரு கை மட்டும் இருக்கும், பாத்தியா? அது அவங்க அம்மா கை. அத வெட்டினா இவ தோளும் சேந்து போகும், அதனால விட்டுட்டேன். ... பெரிய சட்டமா? கிடைக்கும், கிடைக்காமயா? வாங்கணும்.

மெல்லப் பேசறாங்கல்ல உள்ள? ஒரு எழுத்து காதுல விழுதா பாரேன். எங்கிட்ட "சரிங்கத்த", "ஆச்சுங்கத்த", "வரேங்கத்த", இதுக்கு மேல ஒரு வார்த்த வராது. இப்பப் பாரு, தண்ணி திறந்து விட்ட மாதிரி போயிக்கிட்டே இருக்கு. என்னதான் இருக்கும் அவ்வளவு பேச? அவங்க அம்மாகிட்ட போன்ல பேசறப்பதான் இப்படிப் பேசுவா, அவங்க ஆளுங்க பேச்சுல, இழுத்து இழுத்து, சிரிச்சு... நல்லாத்தான் இருக்கும் கேக்க. துணி திருத்த வர்றவங்க காதுல விழ வேண்டாம்னு பால்கனியில போயிப் பேசச் சொன்னேன். மழை வந்தா குடை பிடிச்சுக்கிட்டுப் பேசுவா. ஐயய்யோ, நானா குடை பிடிக்கச் சொன்னேன்? மழையில பேசாம இருக்கலாம்ல?

கறுப்பு நூல்! கறுப்பு நூல்கண்டு உள்ள அலமாரியில இருக்கும்மா, இந்தப் பேன்ட்டுக்கு வேற நூல் போட்டா பல்ல இளிக்கும். சட்டுனு எடுத்துக்கிட்டு... ம்? வர்றவங்கள்ல யாரு ரொம்பத் தொல்லை குடுப்பாங்களா? ஆகா, கேட்ட பாரு ஒரு கேள்வி! ஒரு அம்மா இருக்கு, இதே கட்டடம்தான். ஒரே பேன்ட்ட மூணு தடவ கொண்டு வரும். வீட்டுக்காரரு இளைச்சிட்டாராம், பிடிக்கணும். திரும்ப ஊதிட்டாராம், பிரிக்கணும். "உங்க வீட்டுக்காரரு என்ன பலூனா"ன்னு கேட்டுட்டேன், அந்தம்மாவே சிரிச்சிடுச்சு.

அந்த அம்மாதான். அன்னைக்கு வந்திருந்தப்ப மருமக லீவுல வீட்டுல இருந்தா, அவளே டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்தா. வாங்கிக்கிட்டு அந்தம்மா எங்கிட்ட திரும்பி, "வேலைக்குப் புது ஆள் வெச்சிருக்கீங்களா, நல்ல சுத்தமா இருக்கே"ன்னுச்சு. நான் ஆமான்னு சொன்னனா? சொல்லல. சத்தியமா சொல்லல. சும்மா சிரிச்சேன். மருமகன்னு சொன்னா, எந்த ஆளுங்க, எந்தப் பக்கம்னு அடுத்தடுத்துக் கேள்வி வரும்ல... சிரிச்சு வெச்சேன். அவ தட்டோட அங்கயேதான் நின்னா, இதோ இந்த இடத்துல. அவளும் சிரிச்சா. சிரிச்சிட்டு, தட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அவளே சிரிச்சிட்டான்னா அது தமாஷ்தானே?

ஏம்மா அப்படிப் பாக்கற?

சரியா தப்பான்னு சொல்லக் கூடாதா உங்களுக்கு? சரி. நான் சொல்றேன், கேளு. பையன் வேற வீடு பாக்கறான். எங்கிட்ட சொல்லல, மாடிப்படியில நின்னு யார்கிட்டயோ "ரெண்டு ரூம் போதுங்க"ன்னு பேசிட்டிருந்தான். என்னடான்னு கேட்டா, நண்பனுக்காம். காது குத்தறான்! அவங்க போயிட்டா இந்த வீட்டுல நானும் இவரும், பேச்சுத் துணைக்கு மிஷினும்தான். இத்தன நாளும் அவ வாயத் திறக்காததாலதான் வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப ஒரு மூணாவது மனுஷிகிட்ட எல்லாத்தையும் வரிசையாச் சொல்லிட்டு, தான் சொன்னத தன் காதாலயே கேட்டுட்டு, அதுக்கப்புறம் எழுந்து வந்து "சரிங்கத்த"ன்னு நிக்க முடியுமா ஒருத்தியால? நீயே சொல்லு. சொல்லாத வரைக்கும்தாம்மா இருக்க முடியும்.

எனக்குத் தெரியாதா? நானும் மருமகளா வந்தவதானே. என் நிறத்தப் பாரு. இந்தக் குடும்பத்துல எல்லாரும் வெளுப்பு, நான் ஒருத்திதான் இப்படி. என் நாத்தனார், இவருக்கு அக்கா, கீழ் வீட்டுலதான் இருக்காங்க, வந்த அன்னைக்கே எனக்குக் கறுப்பின்னு பேரு வெச்சாங்க. செல்லமாம்! முப்பது வருஷமா அந்தப் பேருதான். விசேஷத்துக்குப் போட்டோ எடுத்தா, "கறுப்பி, நீ ஓரமா நில்லு, படம் இருட்டா விழுது"ம்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும்... ம்... நானும்தான் சிரிச்சேன்.

அப்ப உங்கள மாதிரியே ஒரு அம்மா வந்தாங்க, கையில தாளோட. வீட்டுல எப்படி நடத்தறாங்க, குறை ஏதும் உண்டான்னு கேட்டாங்க. அவங்களுக்கு விவரம் பத்தல, நடு ஹால்ல வெச்சுக் கேட்டாங்க. என் மாமியார் எம்பக்கத்துலயே ஒட்டி உக்காந்து, என் முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. அதுக்கு முன்னால ஒரு நாளும் தடவினதில்ல, அதுக்கப்புறமும் இல்ல. ஒரு குறையும் இல்லங்கன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கயோ ஒரு கணக்குல நான் இன்னமும் குறையே இல்லாதவளாத்தான் இருப்பேன்.

போதும், போதும், பழசு எதுக்கு. ஜன்னலாவது திறந்து விட்டுட்டு வரேன் உள்ள, காத்தே வராது அந்த ரூம்ல... என்ன? இந்தத் துணி என்ன துணியா?

இரு.

இரு, இரு. நான் எந்திரிக்கறப்பல்லாம் நீ ஒரு கேள்வி கேக்கற. இஸ்திரிப் பெட்டின்னேன், மிஷினக் கேட்ட. நூல்னேன், யாரு தொல்லைன்ன. இத்தன நேரம் பேசினேன், உன் பேனா மூடியக் கூடத் திறக்கல நீ! நீ என்னைக் கேக்கவே வரல. என்னைப் புடிச்சு வைக்க வந்திருக்க!

அடி கள்ளி! எங்கிட்டயேவா? நானும் அளக்கற தொழில்தாம்மா பண்றேன். டேப்ப இடுப்புல சுத்தினதும் எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்குவாங்க. அந்த அளவுல தைச்சா மூணாம் நாள் பட்டன் தெறிக்கும். அதனால நான் ஊர்க்கதை பேசுவேன். பையன் என்ன படிக்கறான், பொண்ணு எப்படி இருக்கான்னு... அவங்க பதில் சொல்ற மும்முரத்துல மூச்ச விடுவாங்க பாரு, அப்பப் படக்குன்னு அளந்துக்குவேன். நான் மத்தவங்களுக்குப் பண்றத நீ எனக்குப் பண்ணிட்ட! நான் வயித்த விட்டுட்டுல்ல உக்காந்திருக்கேன் இவ்வளவு நேரமும்!

ஏன், நான் உள்ள போனா என்ன? அவளக் கடிச்சா தின்னுடுவேன்? ... எல்லா வீட்டுலயும் இப்படித்தானா? ரெண்டு பேராத்தான் போவீங்களா, ஒருத்தர் கேக்க, ஒருத்தர் வெளியில இருக்கறவங்களப் பாத்துக்க? ... ம்... யாராவது எட்டிப் பாத்தாலே பேச்சு நின்னுடுமா? அப்புறம் திரும்ப ஆரம்பிக்காதா?

ஆரம்பிக்காதும்மா. அது எனக்குத் தெரியும்.

அப்ப நான் இங்க இருக்கறதாலதான் அவ அங்க பேசறா. இதென்ன கொடுமை, நல்ல வேலை குடுத்தீங்க எனக்கு! என்னைத் திட்டறதுக்கு நானே வழி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். எனக்குக் கோவம்தாம்மா வருது, இல்லன்னு சொல்ல மாட்டேன். அழுகையும் வருது. ரெண்டும் ஒண்ணா வந்தா எத மொதல்ல வெளிய விடறதுன்னு தெரியல. நீ தண்ணி குடிக்கறியா? நான் குடிக்கறேன்.

யாரு படியில? ஐயோ, அவங்களேதான். நாத்தனார். அவங்க வீட்டுப் பக்கம் வெயில் விழாது, தினமும் இந்நேரத்துக்கு வாளியத் தூக்கிக்கிட்டு வந்திடுவாங்க, எங்க பால்கனியில காயப் போட. பால்கனிக்கு அந்த ரூம் வழியாத்தான் போகணும். கதவத் தட்டவே மாட்டாங்க, சின்னஞ்சிறுசுங்க ரூமாச்சேன்னு ஒரு நினைப்பே கிடையாது. நானும் ஒரு நாளும் கேட்டதில்ல. எப்படிக் கேக்க முடியும், பெரியவங்க...

வாங்கண்ணி. ... ஆமா, கறுப்பிதான், வேற யாரு இருப்பா. இல்லண்ணி, அங்க போகாதீங்க. வாளிய இப்படிக் குடுங்க. குடுங்க நான் வெச்சுக்கறேன்... அண்ணி, குடுங்கன்னு சொல்றேன்ல! கதவுல கை வைக்காதீங்க!

கத்தல. நான் எங்க கத்தினேன்? இவங்க கணக்கெடுக்க வந்தவங்க. எம்மா, நீ அந்த நாற்காலியக் கொஞ்சம் இந்தப் பக்கம் போடு, கதவுக்கு நேரா... ம், அங்கதான். உக்காருங்கண்ணி. ஈரத்துணி ஒண்ணும் அழுகிடாது, ஒரு நாள் லேட்டாக் காயட்டும். அன்னைக்கு உங்க பையனுக்குப் பேன்ட் திருத்திக் குடுத்தேனே, சரியா இருந்துச்சா? நீளம் போதுமா? சொல்லுங்க, நிதானமாச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

உள்ள யாரா? என் மருமக. பேசிக்கிட்டிருக்கா. என்ன பேசறாளா? என்னைப் பத்தித்தான். பேசி முடிக்கட்டும். உங்களப் பத்தி வர இன்னும் கொஞ்ச நேரமாகும் போலிருக்கு, நல்லாச் சாஞ்சு உக்காருங்கண்ணி.